கூத்து ரெக்கார்டிங்கை கம்ப்யூட்டருக்கு மாற்றுவது: கோளாறுக்கு ஏற்ற வழியும் சாஃப்ட்வேரும்

கோடை வந்தால் திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கதை விழா தொடங்கிவிடும். ஆந்திரப் பக்கம் நகரி, நாகலாபுரம், சத்தியவேடு. நம் பக்கம் பள்ளிப்பட்டு, ஆர்.கே.பேட்டை, ஊத்துக்கோட்டை. பகலில் பிரசங்கம், இரவில் தெருக்கூத்து, முடிவில் படுகளம், தீமிதி. இன்று எந்த ஊரில் கூத்து ஆடும் களரிக்குப் போனாலும் மைக் கம்பத்தின் அடியில் யாரோ ஒரு பையன் ரெக்கார்டர் வைத்திருக்கிறான். பதிவுகள் ஏராளமாக எடுக்கப்படுகின்றன. ஆனால் கார்டிலிருந்து கம்ப்யூட்டருக்கு வரும் வழியில் பல பாழாகின்றன. கூத்து வாத்தியார்களுக்கு வயதாகிக்கொண்டிருக்கிறது, அடுத்த வருடம் அதே விருத்தத்தை அதே குரலில் கேட்க முடியுமா என்று யாரும் சொல்ல முடியாது. அதனால்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

“எந்த சாஃப்ட்வேர் போடட்டும்ணா?” என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். பதிவு எந்தக் கருவியில், எந்த வடிவத்தில் இருக்கிறது என்று தெரியாமல் அதற்குப் பதில் சொல்ல முடியாது. கடந்த பத்துப் பதினைந்து வருடங்களில் வந்த ரெக்கார்டர் என்றால், மாற்றுவதற்குத் தனி சாஃப்ட்வேர் எதுவும் தேவையே இல்லை. கார்டை எடுத்து ரீடரில் போட்டு ஃபைலை காப்பி செய்தால் போதும். காப்பி, கேட்பது, வெட்டுவது, மீட்பது நான்கும் வேறு வேறு வேலைகள்; நான்கையும் ஒரே சாஃப்ட்வேரிடம் கொடுக்கும்போதுதான் சிக்கல் ஆரம்பிக்கிறது.

எந்தக் கோளாறாக இருந்தாலும் முதலில் இதைச் செய்துவிடுங்கள். எஸ்.டி. கார்டின் இடப்பக்க ஓரத்தில் ஒரு சின்ன நகர்த்தி இருக்கும். மைக்ரோ கார்டாக இருந்தால் அதைப் போடும் அடாப்டரில் இருக்கும். அதைக் கீழே தள்ளி லாக் செய்த பிறகே கம்ப்யூட்டரில் செருகுங்கள். தவறி அழிப்பதும், ஏதோ ஒரு சாஃப்ட்வேர் தானாக அதில் எழுதுவதும் நின்றுவிடும்.

ரெக்கார்டரைச் செருகினால் கம்ப்யூட்டரில் ஒன்றுமே தெரியவில்லை

முதல் சந்தேகம் கேபிள்மேல்தான். சார்ஜருடன் வரும் சில கேபிள்களுக்குள் மின்சாரம் போகும் கம்பி மட்டும் இருக்கும், தரவு போகும் கம்பி இருக்காது. ரெக்கார்டரில் விளக்கு எரிவதைப் பார்த்து கேபிள் நல்லது என்று முடிவுகட்ட வேண்டாம். வேறு கேபிளைப் போடுங்கள். நடுவில் ஹப் வைக்காமல் நேராக லேப்டாப்பில் செருகுங்கள்.

கேபிள் சரி என்றால் ரெக்கார்டரின் திரையைப் பாருங்கள். ஜூம் நிறுவனத்தின் ரெக்கார்டர் போன்ற கருவிகள் யு.எஸ்.பி.யில் இணைத்ததும் ‘கார்டு ரீடர்’ ஆகவா, ‘ஆடியோ இன்டர்ஃபேஸ்’ ஆகவா என்று கேட்கும். இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தால் அது கம்ப்யூட்டருக்கு மைக்காக மாறிவிடும், ஃபைல்கள் தெரியாது. ஆண்ட்ராய்டு போனும் இப்படித்தான்: செருகியதும் சார்ஜ் மட்டும் ஏறும், மேலிருந்து அறிவிப்பை இழுத்து ‘ஃபைல் டிரான்ஸ்ஃபர்’ என்று மாற்ற வேண்டும்.

இதற்கும் மசியவில்லையா, கார்டை எடுத்து ரீடரில் போடுங்கள். நான் எப்போதும் செய்வது இதைத்தான். ரெக்கார்டரின் பாட்டரி பாதியில் தீர்ந்து காப்பி அறுந்துபோகும் தொல்லை இதில் இல்லை. ரொம்பப் பழைய ரீடர் என்றால் 2 ஜி.பி.க்கு மேற்பட்ட கார்டை அடையாளம் காணாமல் போகலாம், 32 ஜி.பி.க்கு மேற்பட்ட கார்டுகளுக்கு இன்னும் புதிய ரீடர் வேண்டும்.

“டிஸ்க்கை ஃபார்மட் செய்யவா?” என்று கேட்கிறது

வேண்டாம் என்று அழுத்துங்கள். கார்டை வெளியே எடுத்துத் தனியாக வையுங்கள். அன்றிரவு கூத்துக்கு வேறு கார்டு வாங்கிக்கொள்ளுங்கள். இந்தக் கார்டில் இனி ஒரு நிமிடம்கூடப் பதியக் கூடாது.

இந்தக் கேள்வி வந்தாலே உள்ளே இருப்பது அழிந்துவிட்டது என்று அர்த்தமில்லை. பெரும்பாலும் எந்த ஃபைல் எங்கே இருக்கிறது என்ற பட்டியல் மட்டும் கெட்டிருக்கும். ஒலி அப்படியே கிடக்கும். முதலில் வேறொரு கம்ப்யூட்டரில், வேறு ரீடரில் போட்டுப் பாருங்கள். பிறகு ரெக்கார்டரிலேயே திருப்பிப் போட்டு ஓடுகிறதா என்று பாருங்கள். ரெக்கார்டரே ஃபார்மட் கேட்டால் அங்கேயும் மறுத்துவிடுங்கள்.

மீட்பதற்கு ஃபோட்டோரெக் என்ற சாஃப்ட்வேர் போதும். பெயரில் ஃபோட்டோ இருந்தாலும் வேவ், எம்.பி.3, எம்.4ஏ என்ற ஒலி வடிவங்கள் எல்லாவற்றையும் தேடி எடுக்கும், இலவசம். கறுப்புத் திரையில் எழுத்துகளாக வரும், பயப்பட வேண்டாம். மீட்டதை அதே கார்டில் போடாமல் கம்ப்யூட்டரில் வேறு ஃபோல்டரைக் காட்டுங்கள். பழைய ஃபைல் பெயர்கள் திரும்பி வராது, வெறும் எண்களாகத்தான் வரும். ஒவ்வொன்றாகக் கேட்டுத்தான் எது எந்த இரவு என்று பிரிக்க வேண்டும். நேரம் பிடிக்கும். கட்டியக்காரன் வருகை, திரை விருத்தம் என்று கூத்தின் வரிசை தெரிந்த ஒருவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டால் வேலை பாதியாகக் குறையும்.

ஃபைல் இருக்கிறது, திறக்க மறுக்கிறது

நடு இரவில் கரண்ட் போனால், அல்லது பாட்டரி தீர்ந்தால் வரும் கோளாறு இது. நம் ஊர்களில் அடிக்கடி நடப்பதால் கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

வேவ் ஃபைலின் தலையில் ஒரு சிறு குறிப்பு இருக்கும்: எத்தனை சானல், எத்தனை பிட், சாம்பிள் ரேட் (நொடிக்கு எத்தனை முறை ஒலியை அளந்தது) என்ன, மொத்த நீளம் எவ்வளவு என்று. நிறையக் கருவிகள் கடைசி நீளத்தை ‘ஸ்டாப்’ அழுத்தியபோதுதான் அங்கே எழுதும். ஸ்டாப் அழுத்தாமல் கருவி அணைந்துவிட்டால் அந்த இடம் பூஜ்ஜியமாகவே நின்றுவிடும். பிளேயர் அதைப் படித்துவிட்டு “ஒன்றும் இல்லை” என்று முடிவுகட்டிவிடும். ஃபைலின் அளவைப் பாருங்கள். 1 ஜி.பி., 2 ஜி.பி. என்று காட்டினால் ஒலி உள்ளேதான் இருக்கிறது.

முதலில் கார்டைத் திரும்ப அதே ரெக்கார்டரில் போட்டு ஆன் செய்யுங்கள். சில கருவிகள் உடைந்த ஃபைலைத் தாமே சரிசெய்துகொள்ளும். இதற்கு மட்டும் கார்டின் லாக்கைத் திறக்க வேண்டியிருக்கும் என்பதால் கெட்ட ஃபைலின் நகலைக் கம்ப்யூட்டரில் எடுத்துவைத்த பிறகே செய்யுங்கள். அதில் நடக்காவிட்டால் ஆடாசிட்டி என்ற இலவச ஒலி எடிட்டர். அதில் ஃபைல் மெனு, இம்போர்ட், ‘ரா டேட்டா’ என்று போங்கள். கேட்கும் விவரங்களில் சைன்டு 16 பிட், லிட்டில் எண்டியன், 2 சானல், 44100 ஹெர்ட்ஸ் என்று கொடுங்கள். தொடக்கத்தில் விட வேண்டிய பைட் 44. ‘ஷ்ஷ்’ என்று மழை கொட்டுவதுபோல் இரைச்சல் மட்டும் வந்தால் 24 பிட் என்று மாற்றிப் பாருங்கள். அதுவும் இல்லையென்றால் விடும் பைட்டை ஒன்றிரண்டு கூட்டிப் பாருங்கள். சரியான இடம் பொருந்தியதும் ஆர்மோனியம் தெளிவாக எழும். அதே ரெக்கார்டரில் எடுத்த நல்ல ஃபைல் ஒன்றை வி.எல்.சி. பிளேயரில் திறந்து, ‘கோடெக்’ தகவலைப் பார்த்தால் எத்தனை பிட், எத்தனை ஹெர்ட்ஸ் என்று ஊகிக்க வேண்டியதே இல்லை.

ஃபைலின் அளவே 0 பைட் என்று காட்டினால் ரா டேட்டா உதவாது. கார்டின் பட்டியலில் இடம் பதிவாகவில்லை என்று பொருள். மேலே சொன்ன ஃபோட்டோரெக் வழிக்குப் போங்கள்.

போனில் பதிந்து பாதியில் அணைந்த எம்.4ஏ ஃபைல் வேறு கதை. அதில் ஒலியைப் படிப்பதற்கான அட்டவணையையே பல போன்கள் கடைசியில்தான் எழுதும். அது இல்லாமல் எந்தப் பிளேயரும் திறக்காது. அன்ட்ரங்க் என்ற சாஃப்ட்வேர் அதே போனில், அதே செட்டிங்கில் எடுத்த நல்ல ஃபைல் ஒன்றை மாதிரியாக வைத்து உடைந்ததைக் கட்டப் பார்க்கும். பல நேரம் பலிக்கும். அதனால் போனை மாற்றினாலும் அதில் எடுத்த ஒரு முழுப் பதிவையாவது வைத்திருங்கள்.

ஒரே இரவு துண்டு துண்டாக வந்திருக்கிறது

இது கோளாறே அல்ல. நிறைய ரெக்கார்டர்கள் ஒரு ஃபைல் 2 ஜி.பி. ஆனதும் அடுத்ததைத் தொடங்கிவிடும். 44.1 கிலோஹெர்ட்ஸ், 16 பிட், ஸ்டீரியோவில் ஒரு மணி நேரத்துக்குச் சுமார் 635 எம்.பி. ஆகும், 2 ஜி.பி. தீர 3 மணி 20 நிமிடத்துக்குக் கொஞ்சம் மேல் பிடிக்கும். 48 கிலோஹெர்ட்ஸ், 24 பிட் வைத்தால் ஏறக்குறைய 2 மணி நேரத்திலேயே துண்டாகிவிடும். பத்து மணிக்குத் தொடங்கி விடியும்வரை ஆடும் கூத்து மூன்று, நான்கு துண்டாக வருவது இயல்புதான்.

சேர்த்துக் கேட்க வேண்டுமா? எல்லாவற்றையும் ஆடாசிட்டியில் வரிசையாக இம்போர்ட் செய்து, டிராக்ஸ் மெனுவில் ‘அலைன் எண்ட் டு எண்ட்’ கொடுங்கள். ஆனால் வேவ் ஆகவே ஏற்றுமதி செய்யாதீர்கள். சாதாரண வேவ் ஃபைல் 4 ஜி.பி.க்கு மேல் தன் நீளத்தைச் சொல்ல முடியாது. ஒன்பது மணி நேரக் கூத்து 16 பிட்டிலேயே 5.7 ஜி.பி. ஆகிவிடும். சேர்த்ததை ஃப்ளாக் என்ற வடிவத்தில் சேமியுங்கள். ஒரு துளி ஒலிகூடக் குறையாமல் அளவு கணிசமாகச் சுருங்கும். துண்டுகளை அழிக்க வேண்டாம். அவைதான் மூலம், சேர்த்தது கேட்பதற்கான பிரதி மட்டும்.

குரல் தடித்து, பாட்டு இழுத்துக்கொண்டு போகிறது

காது பழகாதவர்களுக்கு இது பிடிபடாது. பாடியவருக்கு உடனே தெரிந்துவிடும். ஒரு வாத்தியாரை உட்காரவைத்து அவருடைய பதிவையே போட்டுக் காட்டினேன். இரண்டு அடி கேட்டதும் கையை உயர்த்தி நிறுத்தச் சொன்னார். “ஆர்மோனியப் பெட்டி நாலு கட்டை சுருதியில வெச்சுப் பாடுனதுப்பா இது. இங்க ஏன் இறங்கிக் கேக்குது? என் தொண்டை இப்படி இருக்காதே” என்றார். அவர் சொன்னது அப்படியே சரி.

48000 ஹெர்ட்ஸில் பதிந்ததை 44100 என்று நினைத்து சாஃப்ட்வேர் வாசித்தால் சுருதி ஏறக்குறைய ஒன்றரை அரைச்சுரம் இறங்கும். ஒரு மணி நேரப் பாட்டு 1 மணி 5 நிமிடம் 18 நொடியாக நீளும். ரா டேட்டா வழியில் மீட்ட ஃபைல்களில்தான் இது அதிகம். ஆடாசிட்டியில் டிராக்கின் பெயருக்குப் பக்கத்திலுள்ள மெனுவில் ‘ரேட்’ என்பதை 48000 ஆக்கினால் முடிந்தது. ‘சேஞ்ச் ஸ்பீடு’, ‘சேஞ்ச் பிட்ச்’ இரண்டையும் தொடாதீர்கள். அவை ஒலியையே மாற்றிக் கணக்குப் போடும். ரேட் திருத்தம் பெயர்ப்பலகையை மட்டும் சரிசெய்யும். தலைகீழாக, குரல் கீச்சென்று வேகமாக ஓடினால் 44100 ஐ 48000 என்று எடுத்துக்கொண்டிருக்கிறது.

ஆர்மோனியக்காரரிடம் அன்று எந்தக் கட்டையில் வாசித்தார் என்று கேட்டுக் குறித்துவைத்தால் பின்னாளில் சரிபார்க்க அதைவிட நல்ல அளவுகோல் இல்லை.

முகவீணை ஏறும்போது கரகரப்பு

இரண்டு காரணங்கள், இரண்டுக்கும் வேறு வேறு மருந்து. ஆடாசிட்டியில் அலையைப் பெரிதாக்கிப் பாருங்கள். முகடுகள் கத்தரித்ததுபோல் தட்டையாக இருந்தால் பதியும்போதே லெவல் மிஞ்சியிருக்கிறது. முகவீணை சிறிய குழல்தான், ஆனால் அதன் ஒலி ஊசி மாதிரி குத்தும். வசனத்துக்கு வைத்த லெவல் அதற்குத் தாங்காது. ஆடாசிட்டியிலுள்ள ‘கிளிப் ஃபிக்ஸ்’ ஓரளவு மழுப்பும், போன ஒலியைத் திருப்பித் தராது. 32 பிட் ஃப்ளோட் ரெக்கார்டராக இருந்தால் மட்டும் தப்பலாம்: லெவலைக் குறைத்தால் பெரும்பாலும் முகடுகள் முழுதாக வெளியே வரும், மைக்கே திணறாமல் இருந்திருக்க வேண்டும். மற்றவர்கள் அடுத்த இரவு லெவலைக் குறைத்து, உச்சம் மைனஸ் 12 டெசிபல் பக்கம் நிற்கும்படி வைப்பதுதான் வழி.

முகடுகள் உருண்டையாகவே இருக்கின்றன, ஆனால் ‘டிக்… டிக்…’ என்று இடையிடையே வெட்டு விழுகிறது என்றால் அது மாற்றும்போது வந்தது. ஃபைலைக் காப்பி செய்யாமல், கருவியை ஓடவிட்டு நேரடியாகக் கம்ப்யூட்டரில் பதியும்போது லேப்டாப் திணறி, கண்ணிமைப்பில் கொஞ்சம் ஒலியைத் தவறவிட்டிருக்கும். வைஃபை, பிரவுசர் எல்லாவற்றையும் மூடி, ஆடாசிட்டியில் பஃபர் அளவைக் கூட்டி மறுபடி எடுங்கள்.

பழைய வாய்ஸ் ரெக்கார்டர் ஃபைல்: எந்த பிளேயரும் வாங்கவில்லை

2000-களின் தொடக்கத்தில் வாங்கிய சோனி வாய்ஸ் ரெக்கார்டர்களில் பல எம்.எஸ்.வி., டி.வி.எஃப். என்ற சொந்த வடிவத்தில் எழுதின. வி.எல்.சி.யும் ஆடாசிட்டியும் இவற்றைத் தொடாது. சோனி வெளியிட்ட ‘டிஜிட்டல் வாய்ஸ் எடிட்டர்’ வேண்டும். அது பழைய விண்டோஸுக்கு எழுதியது, புதிய லேப்டாப்பில் மல்லுக்கட்டுவதைவிட எங்காவது மூலையில் கிடக்கும் எக்ஸ்பி கம்ப்யூட்டரைத் தூசிதட்டுவது லேசு. அதில் திறந்து வேவ் ஆகச் சேமித்துவிட்டால் அதோடு அந்தப் பிடியிலிருந்து விடுதலை. ஒலிம்பஸ் கருவிகளின் டி.எஸ்.எஸ். ஃபைல்களைப் பெரும்பாலும் எஃப்.எஃப்.எம்பெக் என்ற இலவச சாஃப்ட்வேர் திறக்கும்; டி.எஸ்.2 என்றால் ஒலிம்பஸின் சொந்த சாஃப்ட்வேர் பக்கம் போங்கள்.

ஃபைலின் பெயரில் கடைசி எழுத்துகளை மட்டும் ‘எம்.பி.3’ என்று திருத்தினால் பாடும் என்று சிலர் செய்கிறார்கள். பாடாது. அசல் வடிவம் எது என்ற தடயமும் போய்விடும்.

மினி டிஸ்க்கில் இருக்கிறது

சோனி 1992-ல் கொண்டுவந்த சின்னச் சதுரத் தட்டு. களப்பதிவுக்காக வாங்கிய ஆராய்ச்சி மாணவர்களின் அலமாரிகளில் இன்னும் இருக்கும். உள்ளே இருப்பது டிஜிட்டல்தான், ஆனாலும் ஃபைலாக இழுக்க எளிதில் விடாது. ‘ஹை-எம்.டி.’ முறையில், 2004 முதல் வந்த கருவிகளில் மைக் வைத்துப் பதிந்தவற்றை சோனிக்ஸ்டேஜ் சாஃப்ட்வேர் கம்ப்யூட்டருக்குக் கொண்டுவரும். கொண்டுவந்ததும் வேவ் ஆக மாற்றிவிடுங்கள், பூட்டுப் போட்ட வடிவத்தில் விட்டுவைக்காதீர்கள். அதற்கு முந்தைய சாதாரண முறைத் தட்டுகளை சோனியின் சொந்த வழியில் யு.எஸ்.பி.யில் ஏற்ற 2006-ல் வந்த எம்.இஸட்-ஆர்.எச்.1 என்ற கருவி ஒன்றுதான் உண்டு. வெப் மினிடிஸ்க் என்று குரோம் பிரவுசரில் ஓடும் இலவச சாஃப்ட்வேரும் இருக்கிறது, ஃபயர்ஃபாக்ஸில் ஓடாது.

இவை கிடைக்காவிட்டால், வீட்டு டெக்கின் ஆப்டிகல் வழியாகவோ, கையடக்கக் கருவியின் ஹெட்ஃபோன் வழியாகவோ ஓடவிட்டுப் பதிவதுதான். ஒரு மணி நேரத் தட்டுக்கு ஒரு மணி நேரம் ஆகும். தள்ளிப்போடாதீர்கள்: வெற்றுத் தட்டுத் தயாரிப்பை சோனி 2025 பிப்ரவரியில் நிறுத்திவிட்டது, ஓடும் கருவிகளும் ஆண்டுக்கு ஆண்டு குறைகின்றன.

ஆடாசிட்டியில் சேமித்தேன், நண்பனுக்கு அனுப்பினால் ஒலி இல்லை

சேமித்தது புராஜெக்ட், அனுப்ப வேண்டியது எக்ஸ்போர்ட் செய்த வேவ் அல்லது ஃப்ளாக். 2021-க்கு முந்தைய ஆடாசிட்டியில் புராஜெக்ட் ஃபைலுக்குப் பக்கத்தில் ‘டேட்டா’ என்று முடியும் ஃபோல்டர் இருக்கும். ஒலி முழுக்க அதற்குள்தான். ஃபோல்டரை விட்டு ஃபைலை மட்டும் பென் டிரைவில் எடுத்துப்போனால் வெறுங்கூடுதான் போய்ச் சேரும். வாட்ஸ்அப்பில் அனுப்புவதானால் ‘டாக்குமென்ட்’ என்று கொடுத்து அனுப்புங்கள், 2 ஜி.பி. வரை ஃபைல் உள்ளபடியே போகும்.

காப்பி ஆனது, நடுவில் ஓரிடத்தில் நின்றுவிடுகிறது

காப்பி பாதியில் தடுமாறியிருக்கிறது. மூலக் கார்டு இன்னும் கையில் இருந்தால் பிழைத்தோம். டெராகாப்பி என்ற காப்பி சாஃப்ட்வேரில் ‘வெரிஃபை’ போட்டுக் காப்பி செய்தால் மூலமும் நகலும் ஒன்றா என்று அதுவே ஒப்பிட்டுச் சொல்லும். நான் கார்டை அழிப்பதற்கு வைத்திருக்கும் வரிசை இது: வெரிஃபை பச்சையாக வர வேண்டும், இரண்டாவது நகல் வேறொரு ஹார்டு டிஸ்க்கில் ஏற வேண்டும், ஒவ்வொரு ஃபைலின் தொடக்கம், நடு, கடைசி மூன்றையும் காதால் கேட்டிருக்க வேண்டும். அதன் பிறகும் கார்டைக் கம்ப்யூட்டரில் அழிக்காமல் ரெக்கார்டரிலேயே ஃபார்மட் செய்வது நல்லது.

எல்லா ஃபைலுக்கும் தேதி ஜனவரி 1

பாட்டரி கழற்றியபோது ரெக்கார்டரின் கடிகாரம் பழைய இடத்துக்குப் போயிருக்கிறது. ஃபைல் தேதியை நம்ப வேண்டாம். கோயில் நோட்டீஸில் எந்த இரவு எந்தக் கூத்து என்று அச்சிட்டிருப்பார்கள், அதைப் போனில் படம் எடுத்து அதே ஃபோல்டரில் போடுங்கள். ஃபைல் பெயரில் வருடம், மாதம், நாள், பிறகு ஊர் என்று வையுங்கள். மாவட்டத்தைப் பெயரில் சேர்க்காதீர்கள், நம் பகுதியில் அது நிலைக்காது: திருத்தணி 1960 ஏப்ரலில் ஆந்திரத்திலிருந்து சென்னை மாநிலத்துக்கு வந்தது, சத்தியவேடு 2022 ஏப்ரலில் சித்தூரிலிருந்து புதிய திருப்பதி மாவட்டத்துக்குப் போனது. ஊர்ப் பெயரைத் தமிழிலும் தெலுங்கிலும் எழுதிய சின்னக் குறிப்பு ஃபைல் ஒன்றைப் பக்கத்தில் வைத்தால் இரண்டு பக்கத்தாரும் தேடி எடுக்கலாம். இனி பதியும்போது, மிருதங்கம் சுருதி சேர்க்கும் நேரத்தில் மைக் அருகே போய் ஊர், தேதி, ஜமா (கூத்துக் குழு), வாத்தியார் பெயர் நான்கையும் வாயால் சொல்லிவிடுங்கள்.